ஏழாம் காலின் பெயர்

ஜூன் 9, திங்கள்

ஏழாம் காலுக்கு அந்தப் பெயரை வைத்தது யார்? இன்று அலுவலகத்தில், கூட வேலை செய்யும் ரிஹானா கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

பக்ரீத் முடிந்து வந்தவள், எல்லோருக்கும் பிரியாணி கொண்டுவந்திருந்தாள். எனக்குக் காரம் குறைத்துத் தனி டப்பா. பாதி சாப்பிட்டிருக்கும்போது இந்தக் கேள்வி.

நாங்கள் செய்வது பால் பரிசோதனைக் கருவி. சங்கத்தில் ஒருவர் கொண்டுவரும் பாலில் கொஞ்சம் எடுத்து ஊற்றினால் கொழுப்பு எவ்வளவு என்று எண் காட்டும். உள்ளே அளவெடுக்கும் சிப் ஒன்று இருக்கிறது. அதற்குப் பூரானுக்கு இருப்பதுபோல இரு பக்கமும் ஆறாறு கால்கள். எந்தக் காலுக்கு எப்போது மின்சாரம் கொடுப்பது, எப்போது எடுப்பது என்று கருவியின் மூளையான செயலிக்குச் சொல்லும் டிரைவர் மென்பொருளை எழுதுவது என் வேலை. இருபத்தோரு வருடமாகிறது.

இப்போது வெளிமாநிலப் பால் கூட்டமைப்பு ஒன்று எங்கள் கருவியை வாங்க யோசிக்கிறது. அதற்கு முன் டிரைவர் ஆவணத்தைப் படிக்க வேண்டுமாம். அதனால் பன்னிரண்டு கால்களின் பெயர்களையும் ஒழுங்குபடுத்த ரிஹானா விதிகள் எழுதியிருக்கிறாள். சிப் செய்தவர் வைத்த பெயரே காலின் பெயர். எந்த நிலையில் அது வேலை செய்யும் என்பது தனிக் கட்டத்தில். காலுக்கு மின்சாரம் போகும் வழியில் வேறு ஏதாவது உறுப்பு இருந்தால் அது, சிப் இருக்கும் பலகையின் தாளில். விதிகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் இவை மோசமில்லை.

ஏழாம் கால் அளவை அப்படியே நிறுத்திவைக்கும் கால். 1 என்றால் மின்சாரம் கொடுப்பது, 0 என்றால் எடுப்பது. எங்கள் ஆவணத்தில் அதன் பெயரே '1 கொடுத்தால் நிறுத்தும்'. சிப் செய்தவர்களின் புத்தகம், '0 கொடுத்தால் நிறுத்தும்' என்கிறது.

"ரெண்டுல ஒண்ணு பொய்க்கா," என்றாள் ரிஹானா.

"மெஷின் ஓடுதே."

"அதான் பயமா இருக்கு."

டப்பாவைக் கழுவிக் கொடுத்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

வீட்டுக்கு எலக்ட்ரீஷியன் வந்தார். ஸ்விட்ச் பெட்டியை மாற்றினார். மோட்டார் ஸ்விட்ச் இத்தனை நாளும் தலைகீழாக மாட்டியிருந்ததாம். "எவனோ அவசரத்துல மாட்டீட்டுப் போயிருக்கானுங்க மேடம். இப்ப சரி பண்ணியாச்சு" என்றார். நன்றி சொன்னேன்.

ஜூன் 11, புதன்

காலையில் கிளம்பும்போது மோட்டார் ஸ்விட்ச் மேல்பக்கம் இருந்தது. பன்னிரண்டு வருடப் பழக்கத்தில், ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக் கீழே தள்ளிவிட்டுப் போனேன். பத்தரை மணிக்குக் கீழ்வீட்டு மயிலாத்தாவிடமிருந்து போன்.

"ஏனுங் கலாமணி, மாடில குத்தாலம் உட்டிருக்கீங்களா? சொல்லியிருந்தா நாங்களும் எண்ணெய் தேச்சுட்டு வந்திருப்போம்."

"மோட்டாரை நிறுத்திட்டுத்தானே வந்தேன்."

"நீங்க நிறுத்துனதுதானுங்க எங்கூட்டு வடகத்து மேல கொட்டுது."

சாயங்காலம் மாடியைக் கூட்டிவிட்டு, மயிலாத்தாவின் நனைந்த வடகத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். புது வடகம் பிழிய என்னையும் கூப்பிட்டிருக்கிறார். அதுதான் தண்டனை.

ஸ்விட்ச் தலைகீழாக இருந்தது. என் கையும் தலைகீழாகப் பழகியிருந்தது. இரண்டு தப்பும் சேர்ந்து பன்னிரண்டு வருடம் ஒழுங்காகத் தண்ணீர் ஏற்றின. ஒன்றை மட்டும் சரிசெய்ததும் கொட்டிவிட்டது. ஏழாம் கால் விஷயம் பேருந்தில் வரும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

புரிந்தது என்று எழுதக் கூடாது. நினைவு வந்தது.

ஜூன் 12, வியாழன்

ரிஹானா டிரைவரை வரி வரியாகப் படிக்கிறாள். மதியம் திரையைத் திருப்பி என்னிடம் காட்டினாள். ஏழாம் காலுக்கு அனுப்பும் எண்ணை ஓரிடத்தில் தலைகீழாக்கியிருக்கிறது. பக்கத்தில் குறிப்பு: 'இரண்டாம் பலகையின் பிழைக்கு மாற்று. 2019.'

"பலகைல என்ன பிழைக்கா?"

"பழைய விஷயம். தேடிப் பார்த்துச் சொல்றேன்."

"யார் பலகை?"

"டென்சிங்னு ஒருத்தர். நீ வர்றதுக்கு முன்னாடியே போயிட்டார்."

பலகை என்பது சிப், செயலி எல்லாம் பற்றவைத்திருக்கும் பச்சை அட்டை. எங்கள் இரண்டு பலகைகளையும் வரைந்தவர் டென்சிங். நாகர்கோவில் பக்கத்துக்காரர். ஒரு கோடு வளைந்தால் முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி வரைவார்.

ஜூன் 13, வெள்ளி

பழைய மெயில்களைத் தேடவில்லை. நேரமில்லை. துணி இஸ்திரிக்குப் போட்டேன்.

ஜூன் 14, சனி

வடகம் பிழிந்தேன். கை வலிக்கிறது. என்ன நடந்தது என்பதை மறக்காமல் எழுதிவைக்கிறேன்.

2019-இல் இரண்டாம் பலகையோடு போன கருவிகளில் ஒரு விசித்திரமான கோளாறு. வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் அவருக்கு முன்னால் நின்றவருடைய பாலின் எண் வந்தது. அளக்க வேண்டிய நேரத்தில் சிப் பழைய அளவை நிறுத்திவைத்துக்கொண்டது. நிறுத்திவைக்க வேண்டிய நேரத்தில் அளந்தது. எங்கள் சோதனை மேசையில் இது தெரியவேயில்லை. அங்கே காலையிலிருந்து மாலைவரை ஒரே மாதிரிப் பாலைத்தான் ஊற்றுவோம். முந்தின எண்ணும் அடுத்த எண்ணும் ஒன்றுதான்.

சங்கங்களில் தெரிந்தது. முந்தின நாள் கருவியைக் கழுவிய தண்ணீர் குழாயில் இருக்கும். ஆகவே காலையில் முதலில் நின்றவருக்கு எப்போதும் தண்ணீரின் எண்தான் வந்தது.

பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு சங்கத்தில் அந்த முதல் ஆள் எப்போதும் ஒரே அம்மாள். இரண்டு எருமை வைத்திருந்தார். தண்ணீர் கலக்கிறார் என்று எல்லோர் முன்னாலும் பாலைத் திருப்பிவிட்டார்கள். நான் கருவியைச் சரிசெய்யப் போனபோது அவர் ஓரமாக நின்றிருந்தார். "நானு ஒரு சொட்டு ஊத்துலீங்க" என்று என்னிடம் சொன்னார். நான்தான் கருவிக்காரி என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். "பார்க்கிறேங்க" என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

மெயில்களைத் தேடினேன். தேட வேண்டியிருக்கவில்லை. தேதி நினைவிருந்தது.

2019 மார்ச் 14, டென்சிங் எனக்கு: 'மேடம், முதல் பலகையில் ஏழாம் காலுக்கு முன்னால் இருந்த டிரான்சிஸ்டரை எடுத்துவிட்டேன். புதுச் செயலிக்குத் தேவையில்லை. உங்கள் பக்கம் ஏதாவது மாற்ற வேண்டுமா?'

அந்த டிரான்சிஸ்டர்தான் வழியில் உட்கார்ந்து 1-ஐ 0-ஆகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அது இருந்தவரை செயலியிலிருந்து 1 அனுப்பினால் காலுக்கு 0 போகும், சிப் நிறுத்திவைக்கும். அது போய்விட்டால் டிரைவரை மாற்ற வேண்டும்.

ஆறு நிமிடத்தில் என் பதில்: 'வேண்டாம். ஆவணத்தைப் பாருங்கள். ஏழாம் காலுக்கு 1 என்றுதான் இருக்கிறது.'

ஆவணத்தில் அப்படித்தான் இருந்தது. 2011-இல் யாரோ செயலியிலிருந்து கிளம்பும் எண்ணையே சிப்பின் காலுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். நடுவில் இருந்த டிரான்சிஸ்டரைப் பற்றி ஒரு சொல் இல்லை. பக்கத்தின் அடியில் எழுதியவரின் முதலெழுத்துகள் இருக்கின்றன. என் முதலெழுத்துகள்.

கோளாறு தெரிந்ததும் முதலாளி கூட்டம் போட்டார். எட்டுப் பேர் இருந்தோம். "மேடம்கிட்ட கேட்டேன்" என்று டென்சிங் என்னைப் பார்த்தார். நான், "டிரைவரில் ஒரு எழுத்துகூட மாறவில்லை" என்றேன். அது உண்மை. இன்றைக்கும் அது உண்மைதான். மாறியது பலகை மட்டும். எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள்.

இரண்டு வாரத்தில் அவர் வேலையை விட்டுப் போனார். அதன் பிறகு நான் ஏழாம் காலின் எண்ணைத் தலைகீழாக்கி, பக்கத்தில் அந்தக் குறிப்பை எழுதினேன். அப்போது எனக்குத் தெரியுமா, தெரியாதா? தலைகீழாக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

புதிதாக வரப்போகும் மூன்றாம் பலகையை வரையும் வேலையை யாரிடம் கொடுப்பது என்று கூட்டம். முதலாளி நாச்சிமுத்து சென்னைக் கம்பெனி ஒன்றைச் சொன்னார். ரிஹானா, "முன்னாடி ரெண்டு பலகையும் போட்டவர் டென்சிங் சார்தானே? வரைபடம் எல்லாம் பார்த்தேன் சார். அவ்வளவு சுத்தமா இருக்கு" என்றாள்.

"ஆகாதுங்க. அந்தாளு போட்ட பலகைக்கு நானு ஊரு ஊராப் போயிக் கையெடுத்துக் கும்புட்டவன். ஏனுங் கலாமணி, நீங்க சொல்லுங்க."

ரிஹானாவும் என்னைப் பார்த்தாள்.

"யோசிச்சுச் சொல்றேங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை ஆவணம், டிரைவரின் குறிப்புகளோடு சேர்ந்து, கூட்டமைப்புக்குப் போக வேண்டும். 'இரண்டாம் பலகையின் பிழை' என்ற வரியோடு போனால், அது இனி அழியாது. படிக்கிற ஒவ்வொருவருக்கும் அது டென்சிங்கின் பிழை.

ஜூன் 17, செவ்வாய்

முழங்கால் பயிற்சி, இருபது தடவை. வேறொன்றுமில்லை.

ஜூன் 18, புதன்

மாற்றக் குறிப்பு எழுதினேன். பதினொரு முறை திருத்தினேன். கடைசியில் இப்படி நின்றது:

'ஏழாம் கால் 0-இல் நிறுத்தும். 2011 ஆவணத்தில் 1 என்று எழுதியது தவறு. எழுதியவர் கலாமணி. 2019-இல் டென்சிங் டிரான்சிஸ்டரை எடுத்ததை முன்கூட்டியே தெரிவித்து, டிரைவரை மாற்ற வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொன்னவர் கலாமணி. இரண்டாம் பலகையில் பிழை இல்லை.'

ரிஹானா படித்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டாள்.

"மாத்தக் குறிப்பாக்கா இது? போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கு."

"குறிப்புதான். தேதி இருக்கு, காரணம் இருக்கு."

"பேர் போடாம, 'முந்தைய ஆவணத்தில் பிழை'ன்னு எழுதலாமே. அதுவும் உண்மைதானே?"

"பலகைப் பிழைன்னு நான் எழுதினப்ப யார் பலகைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது."

அவள் குறிப்பை மறுபடி மேலிருந்து படித்தாள். பிறகு, "அன்னைக்குக் கேட்டேனே, யார் பேர் வச்சதுன்னு" என்றாள்.

"ஆமா."

"தெரியாதுன்னீங்க."

"ஆமா."

அவள் என் குறிப்பில் ஒரு காற்புள்ளியை மட்டும் எடுத்துவிட்டுச் சேமித்தாள்.

நாச்சிமுத்துவிடம் நானே அச்சடித்துக் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"இதையவா கூட்டமைப்புக்காரங்களுக்கு அனுப்பறது? தப்பு நம்முளுதுன்னு தெரிஞ்சிருமுங்களே. ஆர்டர் கைய உட்டுப் போச்சுன்னா?"

"தப்பு எப்பவும் நம்மளுதுதாங்க. டென்சிங்கும் நம்ம ஆளாத்தானே இருந்தார்."

அவர் காகிதத்தை மடித்தார், பிரித்தார். வேலை போய்விடும் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். மேசை இழுப்பறையைக்கூடக் காலையிலேயே ஒழித்துவைத்திருந்தேன்.

"அந்தக் கூட்டத்துல நானு அவரை என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"அப்ப நீங்களே போன் பண்ணுங்க. எனக்கு வாய் வராது. இது இப்படியே போகட்டும்."

ஜூன் 19, வியாழன்

டென்சிங் மார்த்தாண்டத்தில் இன்வெர்ட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். எண்ணை ரிஹானா கண்டுபிடித்துக் கொடுத்தாள். மதியம் பன்னிரண்டு பத்துக்குக் கூப்பிட்டேன். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"கலாமணி பேசறேன். கோயம்புத்தூர்லேர்ந்து."

இயந்திரம் நின்றது. "சொல்லுங்க மேடம்."

எனக்கு வேறு மாதிரிப் பேசத் தெரியவில்லை. குறிப்பை அப்படியே வாசித்தேன்.

"இன்னும் ஒருக்கா வாசிங்க."

வாசித்தேன்.

"கடைசி வரி மட்டும்."

"இரண்டாம் பலகையில் பிழை இல்லை."

அந்தப் பக்கம் யாரோ வாடிக்கையாளர் எப்போது தயாராகும் என்று கேட்டார். "நாளைக்கு வாரும்" என்று அவரை அனுப்பிவிட்டு வந்தார்.

"நீங்க 1-ன்னு சொன்னிய. ஆவணத்திலயும் 1-ன்னு கெடந்தது. அப்பம் எனக்கத் தப்புதான், வேற எங்கயோ கோட்டைய விட்டிருக்கேன்னு நெனச்சேன். அந்தப் பலகைக்க வரைபடத்த ரெண்டு வருசம் வச்சுத் தேடினேன் மேடம். என்ன தப்புன்னே தெரியல்ல."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அதுக்குப் பெறவு ஒரு பலகை வரையல்ல. இன்வெர்ட்டரத்தான் பாக்கேன். அதையும் மூணு தடவ சோதிச்சுத்தான் குடுப்பேன். எனக்க பெண்டாட்டி சொல்லுவா, உமக்கு உம்ம கை மேலயே சந்தேகம்னு."

"மன்னிச்சிருங்க டென்சிங்."

"கோவம் வரும் மேடம். இப்பம் வரல்ல. நாளைக்கு வரும்னு நெனைக்கேன். வந்தா இந்த நம்பருக்குக் கூப்பிடலாமா?"

"கூப்பிடுங்க."

ஜூன் 20, வெள்ளி

ஆவணம் போய்விட்டது. டென்சிங் கூப்பிட்டார். இருபத்திரண்டு நிமிடம். என்ன சொன்னார் என்று எழுதப்போவதில்லை. சொன்னது எல்லாம் சரிதான்.

ஜூன் 21, சனி

கூட்டமைப்பிலிருந்து பதில் வந்திருக்கிறது. ஏழாம் கால் பற்றிய குறிப்பு திருப்தியாக இருக்கிறதாம். மற்றப் பதினொரு கால்களுக்கும் இதே போல யார், எப்போது, ஏன் என்று எழுதித் தர வேண்டுமாம். ரிஹானா தலையில் கைவைத்துக்கொண்டாள். நாச்சிமுத்து முதல்முறையாகச் சிரித்தார். "பாருங்க, நேர்மையா இருந்தா இப்படித்தான் வேலை சாஸ்தி ஆகும்."

பொள்ளாச்சிப் பக்கத்துச் சங்கச் செயலாளருக்குப் போன் செய்தேன். அந்த எருமைக்கார அம்மாள் இப்போதும் பால் ஊற்றுகிறாரா என்று கேட்டேன். "ஊத்துதுங்க. ஆனா எத்தன வெள்ளன வந்தாலும் கடைசியாத்தான் நிக்குது" என்றார். அடுத்த சனிக்கிழமை நேரில் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவரிடமும் வாசிக்கத்தான் வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

மூன்றாம் பலகையைப் பார்க்க டென்சிங்கை நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார் நாச்சிமுத்து. ரிஹானா மூலமாகத்தான் சொன்னார்.

வர மாட்டார் என்று நினைக்கிறேன். ரயிலில் ஓர் இரவு உட்கார்ந்து வருகிற அளவுக்கு இந்த இடத்தில் அவருக்கு என்ன இருக்கிறது? வந்தாலும் முதலாளி அறையில் பேசிவிட்டுப் போய்விடுவார். நாச்சிமுத்து அறையைவிட்டு வெளியே வர மாட்டார். என்னைப் பார்க்கக் கூடாது என்று டென்சிங் நினைத்தால் அது அவர் உரிமை. நாளைக்கு ஒன்பதாம் காலை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கப்போகிறேன்.

மோட்டார் ஸ்விட்சில், 'கீழே தள்ளினால் ஓடும்' என்று ஒரு காகிதம் ஒட்டினேன். மயிலாத்தா மேலே வந்து படித்துப் பார்த்துவிட்டுப் போனார்.

ஜூன் 23, திங்கள்

வந்தார்.

எட்டேமுக்காலுக்கே வந்து காவலாளியோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். தலை முழுவதும் நரைத்துவிட்டது. நாச்சிமுத்து மாடியிலிருந்து இறங்கி வாசலுக்கே போனார். "வாங்க டென்சிங்" என்று அவர் கையைப் பிடித்தார். கையை விடாமல், "டீ சொல்லட்டுங்களா?" என்றார்.

"சொல்லுங்க சார். அப்படியே கடையில கொஞ்சம் பாலும் தனியா வாங்கச் சொல்லுங்க. காய்ச்சாத பால்."

என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நேராகச் சோதனை மேசைக்குப் போனார். இரண்டாம் பலகை இருக்கிற பழைய கருவி ஒன்றை இறக்கச் சொன்னார். அதில் 2019-இல் நான் மாற்றுவதற்கு முன் இருந்த டிரைவரை ஏற்றச் சொன்னார். ரிஹானா ஏற்றினாள்.

எங்கள் சோதனைப் பால் பாட்டிலை எடுத்து ஓரமாக வைத்தார். முதலில் தண்ணீர் ஊற்றினார். பிறகு கடைப் பால். பிறகு தண்ணீர். பிறகு பால். பாலுக்குத் தண்ணீரின் எண் வந்தது. தண்ணீருக்குப் பாலின் எண் வந்தது. நான்கு சுற்று பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கூடத்தில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். 2019 கூட்டத்தில் இருந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் அங்கே இருந்தோம்.

"இம்புட்டுத்தானா?" என்றார். "இதுக்கா?"

பிறகு இன்றைய டிரைவரை ஏற்றச் சொல்லி, மறுபடி ஊற்றினார். தண்ணீருக்குத் தண்ணீர், பாலுக்குப் பால்.

நான் எழுந்து போய் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவர் கருவியின் குழாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஆறு நாள் சோதிச்சோம் மேடம், ஒரே பால வச்சு. ஒருக்கா இடையில தண்ணிய ஊத்தியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். அது எனக்கும் தோணல்ல பாத்துக்கிடுங்க."

"அதைக் குறிப்புல சேர்க்கணுமா?"

"சேத்துக்கிடுங்க. எனக்க பேரும் போட்டே."

ரிஹானா உடனே தட்டச்சு செய்தாள். சோதனை முறை, திருத்தம் ஒன்று: ஒவ்வொரு பாலுக்கும் முன்னால் தண்ணீர்.

டீ வந்தது. அவர் டம்ளரை என் மேசையில் வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கால்களின் அட்டவணையை விரலால் மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்தார். ஏழாம் வரிசையில் விரல் நிற்கவில்லை. ஒன்பதில் நின்றது.

"இது என்ன, புத்தகத்துல வேற பேரு கெடக்கு? இதுக்கு இந்தப் பேரு வச்சது யாரு?"

"நான்தான்," என்றேன்.

"அப்பம் இதையும் பாத்துருவோம்," என்று பேனாவை எடுத்தார்.